ஒரு குவார்ட்டர் என்பது எவ்வளவு? இளைஞர்களின் மிகைக்குடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாள் ட்ரீட், தேர்வு முடிந்த இரவு, நண்பனின் திருமணத்துக்கு முந்தைய நாள், புத்தாண்டு என ஏதோ ஒரு காரணத்தை முன்னிட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் அளவு மீறிக் குடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடையே இயல்பான ஒன்றாகிவிட்டது. இந்த வழக்கத்தைப் பற்றி இளைஞர்களும், அவர்களோடு அறையைப் பகிரும் நண்பர்களும், பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மிகைக்குடி என்று எதைச் சொல்கிறோம்? அதற்கு அளவு உண்டா?

உண்டு. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ தூய ஆல்கஹால் உடலுக்குள் செல்வதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடியாகக் கணக்கிடுகிறது. இந்த எண்ணை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களின் மீது 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிடப்பட்டிருக்கும். அப்படியானால் 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் இருக்கும் தூய ஆல்கஹால் சுமார் 77 மில்லி. ஆல்கஹால் நீரைவிட இலேசானது என்பதால் அதன் எடை ஏறத்தாழ 61 கிராம்.

“ஒரு குவார்ட்டர்தான் அடித்தேன்” என்று மிகக் குறைந்த அளவைப் போலச் சொல்லப்படுவதே மிகைக்குடியின் எல்லையைத் தொட்டுவிட்ட அளவாகும். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்குக் கிடைக்கும் ‘கட்டிங்’கூட ஏறத்தாழ 30 கிராம் ஆல்கஹால் கொண்டது.

நான் பீர் மட்டும்தான் குடிக்கிறேன். அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால், அந்த ஒரு பாட்டிலில் மட்டும் சுமார் 41 கிராம் ஆல்கஹால் உள்ளது. ஒன்றரை பாட்டில் குடித்தவர் ஒரு குவார்ட்டர் குடித்தவருக்குச் சமமான இடத்துக்கு வந்துவிடுகிறார். கல்லீரலுக்கு வந்து சேர்வது பீராக இருந்தாலும் பிராந்தியாக இருந்தாலும் ஒரே எத்தனால்தான்.

நான் தினமும் குடிப்பவன் அல்லன். மாதத்துக்கு ஒரு முறை குடிப்பதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

இந்தக் கேள்வியில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ‘குடிகாரர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன், பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்து, கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். அவர் தாமில்லை என்பதால் தமக்கு ஆபத்தில்லை என்று 20 வயது இளைஞர் முடிவு செய்துகொள்கிறார். கல்லீரல் சுருக்கம் வரப் பல ஆண்டுகள் ஆகலாம். மூச்சடைத்துச் சாவதற்கோ, சாலையில் விழுந்து தலையில் அடிபடுவதற்கோ ஒரே இரவு போதும்.

உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மதுவால் நேரும் இறப்புகளின் பங்கு மிகுதியாக இருப்பது முதியவர்களிடையே அன்று, 20 முதல் 39 வயது வரையிலானவர்களிடையே என்பதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. அந்த வயதில் இறப்பவர்களில் 13 விழுக்காட்டினரின் சாவுக்கு மது காரணமாக இருக்கிறது. இவர்களில் பலர் சாலை விபத்துகளிலும், வன்முறையிலும், தற்கொலையிலும் உயிரிழக்கிறார்கள்.

விபத்தில்லாமலும் ஒரே இரவின் குடி உடலைத் தாக்கக்கூடும். கணையம் வீங்கித் தாங்க முடியாத வயிற்றுவலி வரலாம். தொடர்ந்து வாந்தியெடுப்பதால் உணவுக்குழாயின் அடிப்பகுதி கிழிந்து இரத்தம் வரலாம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். விடுமுறை நாட்களின் மிகைக்குடிக்குப் பிறகு இளைஞர்கள் இந்தக் குறையோடு மருத்துவமனைக்கு வருவதைக் கவனித்த மருத்துவர்கள் இதற்கு ‘விடுமுறை இதயம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இளம் வயதில் ஆபத்து கூடுதல் என்று சொல்வது ஏன்?

விளைவை எண்ணிப் பார்த்து “போதும்” என்று நிறுத்தும் ஆற்றல் மூளையின் முன்பகுதியில் உள்ளது. அந்தப் பகுதி 25 வயதை ஒட்டியே முழு வளர்ச்சி அடைகிறது. மது முதலில் மழுங்கடிப்பதும் இதே ஆற்றலைத்தான். ஏற்கெனவே முதிராத தடையை மேலும் தளர்த்திவிடுகிறது என்பதால், மூன்றாவது கிளாஸை மறுக்க முதல் இரண்டு கிளாஸே இடம் தருவதில்லை.

குடிக்கும் முறையும் ஒரு காரணம். வீட்டுக்குத் தெரியாமல், குறைந்த பணத்தில், கடை மூடுவதற்குள், விடுதிக் கதவு சாத்துவதற்குள் என்ற அவசரத்தோடு குடிப்பவர் மெதுவாகக் குடிப்பதில்லை. சிலர் தண்ணீரோ சோடாவோ கலக்காமல் ‘ராவாக’ விழுங்குவதை வீரமாகக் கருதுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பணம் போதாமல் வெறும் வயிற்றில் குடிப்பதும் உண்டு. வயிற்றில் உணவு இல்லாதபோது ஆல்கஹால் சிறுகுடலுக்கு விரைந்து சென்று, அங்கிருந்து மிக வேகமாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது அதை ஈடுசெய்வது கல்லீரலின் வேலை. ஆல்கஹால் அந்த வேலையையும் தடுத்துவிடுவதால், பட்டினியாகக் குடித்தவர் சர்க்கரை இறங்கியே மயங்கிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி.

பெண்களுக்கு அளவு வேறுபடுமா?

வேறுபடும். ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு. எனவே ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு கூடுதலாக ஏறும். இது உடலமைப்பைப் பற்றிய செய்தி மட்டுமே. குடிக்கும் பெண்ணை மட்டும் தனியாகக் குற்றம் சொல்லும் நம் சமூக வழக்கத்துக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த வழக்கத்தால் விளையும் கேடு ஒன்றுண்டு: பேர் கெட்டுவிடுமோ என்று அஞ்சித் தோழிகள் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கி, கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

‘மட்டையாகிவிட்டான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்பது சரியா?

மிக ஆபத்தான நம்பிக்கை இது. கடைசி வாய் குடித்ததோடு போதை ஏறுவது நின்றுவிடுவதில்லை. வயிற்றிலும் குடலிலும் இருக்கும் மது தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், குடியை நிறுத்தி அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரைகூட இரத்தத்தில் அதன் அளவு உயரலாம். பத்து மணிக்குத் தள்ளாடியபடி பேசிக்கொண்டிருந்தவர், நண்பர்கள் படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, பதினொன்றரை மணிக்கு முன்பைவிடக் கூடுதலான விஷத்தோடு தனியாகக் கிடக்கிறார்.

அளவு உயர உயர மூளையின் அடித்தண்டு தளர்கிறது. மூச்சை இயக்குவதும், தொண்டைக்குள் ஏதேனும் போனால் இருமியோ குமட்டியோ வெளியேற்றுவதும் அந்தப் பகுதியின் பொறுப்பு. அது தளர்ந்த நிலையில் மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால், வாந்தி நேராக மூச்சுக்குழலுக்குள் இறங்கும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. குடித்தவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள் என்று கேள்விப்படும் சாவுகளில் பல இவ்வாறு நேர்பவை.

அவர் தூங்குகிறாரா, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறாரா என்பதை எப்படி அறிவது?

பெயரைச் சொல்லி உரக்க அழையுங்கள். தோளை உலுக்குங்கள். தூங்குபவர் முனகவாவது செய்வார், கையைத் தட்டிவிடுவார். ஒன்றுக்கும் அசையவில்லை என்றால் அதைத் தூக்கம் என்று கருதக் கூடாது. பிறகு கைபேசியில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே பத்து நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ, தோல் சில்லிட்டுப் பிசுபிசுத்திருந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். இந்த அறிகுறிகள் எல்லாம் ஒன்றுசேரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒன்றே போதும். குடித்த பிறகு கீழே விழுந்து தலையில் அடிபட்டவரும் இந்த வகையைச் சேர்ந்தவரே, ஏனெனில் மூளைக்குள் இரத்தம் கசிவதால் வரும் குழறலும் குடியால் வரும் குழறலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல் காலின் முழங்காலை மடக்கி முன்னால் ஊன்றினால் உடல் மறுபடி மல்லாந்து புரளாது. தலை சற்றுப் பின்சாய்ந்து, வாய் தரையை நோக்கியிருக்கட்டும். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். இறுக்கமான சட்டைப் பொத்தான்களையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள். மூச்சு நின்றுவிட்டால் 108இல் பேசுபவர் சொல்வதைக் கேட்டு நெஞ்சழுத்தம் கொடுங்கள். ஒரு நொடிகூட அவரைத் தனியே விடாதீர்கள்.

வந்தவர்களிடம் எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார், வேறு மாத்திரை ஏதேனும் விழுங்கினாரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், விடுதியை விட்டு நீக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நண்பர்களைத் தடுப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டாரின் கோபத்தையும் விடுதியின் தண்டனையையும் பிறகு எதிர்கொள்ள அவர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

மோர், எலுமிச்சம்பழம், கட்டங்காப்பி, தலைக்குத் தண்ணீர் ஆகியவை போதையை இறக்குமா?

இறக்காது. ஆல்கஹாலை உடலிலிருந்து நீக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் செய்யும். அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். அதை விரைவுபடுத்தும் வீட்டு வைத்தியம் எதுவுமில்லை. காப்பி குடித்தவர் விழித்திருக்கும் போதைக்காரராக மாறுகிறார், அவ்வளவே. நினைவிழந்தவரின் வாயில் மோரையோ தண்ணீரையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைப்பதும் அதே ஆபத்தைத் தருகிறது. குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டினால், ஏற்கெனவே சூட்டை இழந்துகொண்டிருக்கும் உடல் மேலும் குளிர்ந்துபோகும்.

எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பதும், தூக்க மாத்திரையோடு குடிப்பதும் எப்படிப்பட்டவை?

எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதால், குடித்தவருக்குத் தம் போதையின் ஆழம் தெரிவதில்லை. அதனால் இன்னும் குடிப்பார். அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளின் கதை இதைவிடக் கொடியது. அவையும் மதுவும் மூச்சை மந்தப்படுத்துபவை. இரண்டும் சேரும்போது, தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகூட மூச்சை நிறுத்திவிடலாம்.

நேற்றிரவு நடந்தது எனக்கு நினைவே இல்லை. நண்பர்கள் நான் பாடினேன், ஆடினேன் என்கிறார்கள். இது எதனால்?

இரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, நிகழ்வுகளை நினைவாக மாற்றிப் பதியும் மூளைப் பகுதி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. நீங்கள் மயங்கியிருக்கவில்லை, பேசினீர்கள், நடந்தீர்கள், ஒருவேளை வண்டியும் ஓட்டினீர்கள். பதிவு மட்டும் நடைபெறவில்லை. பதியாத நினைவு பின்னால் திரும்பி வருவதுமில்லை. மறுநாள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பது நம் நட்பு வட்டங்களில் வழக்கமாக இருக்கிறது. மூளை சில மணி நேரம் செயலிழந்ததற்கான அறிகுறி அது என்பதை, அந்தச் சிரிப்புக்கு நடுவே யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். இது மறுபடி மறுபடி நேர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரவு குடித்துவிட்டுக் காலையில் வண்டி ஓட்டலாமா?

முன்பு சொன்ன கணக்கையே இங்கும் போட்டுப் பாருங்கள். ஒரு குவார்ட்டரில் 61 கிராம். மணிக்கு 7 முதல் 10 கிராம் கழிகிறது. முழுதும் நீங்க ஆறு மணி முதல் ஒன்பது மணி நேரம் தேவைப்படும். இரவு பதினொரு மணி வரை இரண்டு குவார்ட்டர் குடித்தவர் காலை எட்டு மணிக்குக் குளித்து, இட்லி சாப்பிட்டு, தெளிவாக இருப்பதாக உணர்ந்து கல்லூரிக்கு வண்டியை எடுக்கும்போது, அவருடைய இரத்தத்தில் பெரும்பாலும் சட்டம் பொறுக்கும் அளவைவிடக் கூடுதலாகவே ஆல்கஹால் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு விதிக்கும் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். 2019இல் திருத்தப்பட்டபடி, முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வண்டியைப் போலவே நீரையும் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டிலும், ஏரிக்கரையிலும், கடற்கரையிலும் உட்கார்ந்து குடித்துவிட்டு இறங்கும் இளைஞருக்கு ஆழத்தைக் கணிக்கும் திறனும், அலையை எதிர்க்கும் கைகால் ஒத்திசைவும் இருப்பதில்லை. அவரைக் காப்பாற்றக் குதிக்கும் நண்பரும் குடித்தவராகவே இருக்கிறார்.

கள்ளச்சாராயம் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அதில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். உடல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைக் கருக்கி, பிறகு உயிரையும் எடுக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், வயிறு வலித்தால், ஹேங்ஓவர் என்று படுத்துவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெத்தனாலுக்கு மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. பலன் தருவது நேரத்தைப் பொறுத்தது.

‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம்’ என்று விளம்பரம் வருகிறது. மகனுக்குக் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். கையில் வேறு வழி தெரியாத தாய்மார்கள்தான் இந்த விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள் என்பதால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இத்தகைய பொடிகளில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்க வாய்ப்புண்டு. அந்த மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கடும் வாந்தியோடு இரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு அது மரணத்தில் முடியலாம். மருத்துவர் இதைக் கொடுக்கும்போது நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் ஒப்புதல் பெற்று, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்குவார். உணவில் மருந்து இருப்பதை அறியாத மகனோ அன்று மாலையே நண்பர்களோடு ஒரு குவார்ட்டரை ஒரே மூச்சில் குடிக்கக்கூடும்.

இதே போன்ற இன்னொரு தவறு, நாள்தோறும் குடிக்கும் நிலைக்குப் போய்விட்டவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்துவது. அப்படிப்பட்டவருக்குச் சில மணி நேரத்தில் கைநடுக்கமும், ஓரிரு நாளில் வலிப்பும், அதன் பிறகு இல்லாதது தெரிவதும் ஆள் அடையாளம் குழம்புவதும் வரலாம். மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்தினால் இவற்றைத் தவிர்க்கலாம்.

மகன் குடித்துவிட்டு வந்தான். எப்போது, எப்படிப் பேசுவது?

அன்றிரவு பேசாதீர்கள். அன்றிரவு செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனிப்பதுதான். மறுநாள் சாப்பிட்டு முடித்த பிறகு, உறவினர் யாரும் இல்லாத நேரத்தில், நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வந்தான், எங்கே விழுந்தான், எப்படி மூச்சு விட்டான். “நம் குடும்ப மானம்” என்று தொடங்கினால் அடுத்த முறை அவன் வீட்டுக்கு வராமல் வேறெங்காவது படுத்துக்கொள்வான். அங்கே மூச்சைக் கவனிக்க ஆள் இருக்காது. “எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துக்கொள்கிறேன், கேள்வியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்” என்ற ஒரு வாக்குறுதி, பத்து அறிவுரைகளைவிடப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உதவி எங்கே கிடைக்கும்?

அவசரத்துக்கு 108. போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். குடியோடு மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது. அங்கே குடும்பத்தினருக்கும் தனியாக ஆலோசனை தருகிறார்கள். இவற்றை அணுகுவதற்கு நாள்தோறும் குடிப்பவராக இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை குடித்து, அந்த ஒரு முறையும் நிறுத்த முடியாமல் போகிறவர் என்றாலும் தாராளமாகச் செல்லலாம். முதல் சந்திப்பில் மருத்துவர் கேட்கும் கேள்விகள் எளியவை: எவ்வளவு, எவ்வளவு வேகமாக, யாரோடு, கடைசியாக எப்போது. அளவைச் சொல்லும்போது “கொஞ்சம்தான்” என்று சொல்லாமல் பாட்டில் கணக்கிலேயே சொல்லுங்கள்.